ஓடுபாதை ஓரம் ஓட்டல் கட்ட வருகிறவர்களுக்கு

விமான நிலையத்துப் பக்கம் ஓட்டல் என்றதும் இளையவர்கள் முகப்புக் கண்ணாடியையும் மொட்டை மாடி நீச்சல் குளத்தையும்தான் முதலில் வரைகிறார்கள். அங்கே விலைபோவது தூக்கம். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புகிறவரும் தூங்க வேண்டும், பகல் 11 மணிக்குப் படுக்கப்போகும் விமானியும் தூங்க வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1. மாடிக் கணக்குப் போடும் முன் இந்திய விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். அதில் எழுதித் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து. மனையின் தரைமட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. பெரிய ஓடுபாதை என்றால், விமானம் இறங்கும் வழிக்கு நேர்கீழே 50 மீட்டருக்கு 1 மீட்டர்தான் உயரம் கூடும். முனையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் 20 மீட்டர் தேறாது. மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட் மெஷின் ரூம், இடிதாங்கி எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். கிரேனும்தான். கிரேனை மறந்து ஒப்பந்தம் போடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

2. தடித்த கண்ணாடி போட்டால் போதும் என்று விற்பவர் சொல்வார். ஒரே தடிமனில் இரண்டு போட்டால், ஒரே சுருதிச் சத்தத்துக்கு இரண்டும் சேர்ந்து இடம்கொடுக்கும். ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருக்கட்டும். நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில், ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-இல் திறந்த முனையத்தை வரவேற்புக் கூடமாக்கி, 512 அறைகளோடு 2019-இல் டி.டபிள்யூ.ஏ. ஓட்டல் வந்தது. அதன் ஜன்னல் கண்ணாடியின் தடிமன் நாலரை அங்குலம்! அவ்வளவு செலவழித்த பிறகு குளியலறை எக்ஸாஸ்ட் துவாரத்தைச் சும்மா விட்டால்? சத்தம் தண்ணீர் மாதிரி, ஒரு சந்து கிடைத்தால் போதும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பூச்சுக்கு முன்பே நீங்களே கையால் தடவிப் பாருங்கள். "சிலிக்கான் வச்சாச்சு சார்" என்று மேஸ்திரி சொன்னாலும் பாருங்கள்.

3. வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டால் உள்சத்தம் பெரிதாகக் கேட்கும். நடைவழியில் உருளும் பெட்டி, அறைந்து சாத்தும் கதவு. கம்பளமும் நல்ல டோர் குளோசரும் போடுங்கள். லிஃப்ட் சுவரை ஒட்டிக் கட்டில் வேண்டாம். விமானப் பணியாளர்களுக்குத் தனித் தளம் ஒதுக்கி, பகலை இரவாக்கும் திரை மாட்டுங்கள்.

4. வெளிக்காற்று உறிஞ்சும் வாயை ஓடுபாதைக்கு மறுபக்கம் வையுங்கள். எரிபொருள் வாடை அறைக்குள் வந்தால் எந்த ஊதுவத்தியும் காப்பாற்றாது.

5. மீனம்பாக்கத்தில் ஓர் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலத்தில் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையிலேயே தண்ணீர் நின்று, நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. விமானம் நிற்கிற நாளில்தான் ஓட்டல் நிரம்பும். அன்றைக்கு ஜெனரேட்டரும் பேனல் போர்டும் பேஸ்மென்டில் மூழ்கிக் கிடந்தால் நிரம்பி என்ன பயன்? இரண்டையும் மேலே ஏற்றுங்கள். கார் வேண்டுமானால் கீழே நிற்கட்டும்.

6. இரவு 2 மணிக்கும் அடுப்பு எரியும், அதனால் எச்சிலும் நிறையச் சேரும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக்கூடாது என்பது பழைய விமான விதி. குப்பையைத் தேடி வரும் காக்கையும் பருந்தும் என்ஜினுக்குள் போகும். குளிரூட்டிய, கதவு மூடிய குப்பை அறைக்குச் சமையற்கட்டை ஒட்டியே இடம் விடுங்கள். அந்த இடத்தில் இன்னொரு மேசை போடலாமே என்று முதலாளி கேட்பார். கொடுக்காதீர்கள்.