உறங்கும் கிருமியும் ஆறு மாத மருந்தும்

திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் வறண்டாலும், கோரைக்கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து மழை கண்டதும் முளைப்பதை அறிவோம். காசநோய்க் கிருமியும் அத்தகையதே. நுரையீரலில் காற்று கிடைக்குமிடத்தில் ஏறத்தாழ நாளுக்கொருமுறை இரண்டாகப் பிரியும். உயிர்வளி குறைந்தால் பெருக்கத்தை நிறுத்தி, சேமித்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு உறங்கும். ஐசோனியாசிட் பெருகும் கிருமிகளையே விரைந்து கொல்லும். உறங்குபவற்றை அவ்வளவாகத் தீண்டாது.

1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று காட்டியது. அன்று அதற்கு ஓராண்டு தேவைப்பட்டது. ரிஃபாம்பிசின், பைரசினமைடு சேர்ந்த பின்னரே ஆறு மாதமாயிற்று.

இரண்டாம் மாதத்தில் இருமல் நிற்கும், பசியெடுக்கும். பலர் மாத்திரையை நிறுத்துவதும் அப்போதுதான். எஞ்சிய கிருமி விழித்தெழும், சிலவேளை மருந்துக்கு அடங்காததாகவும். அம்மாதங்களில் வீட்டிலுள்ளோர் நாள்தோறும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.