ஸ்கீ வளையட்டும், பைண்டிங் அடிபடக்கூடாது

போன டிசம்பரில் பெரியப்பா பையனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். மூன்று பைகளின் படம், கீழே ஒரே வரி: "மெக்கானிக்கல் தானடா படிக்கிற, இதுல எது வாங்கலாம்?" அண்ணா பெங்களூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷமாகக் குல்மார்க் போய், வாடகை ஸ்கீயில் பனிச்சறுக்கு கத்துக்கிட்டவர், இந்த முறை சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிட்டார். அதைப் பெங்களூரிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானத்தில் கொண்டுபோகணும்.

நான் பனியை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் கேள்வி என்னவோ நம்ம சிலபஸில் இருக்கிற கேள்விதான். யோசிக்காமல் முதலில் சொன்ன பதில் தப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொன்ன பதில்: "ஹார்ட் கேஸ் வாங்குங்கண்ணா." என் லாஜிக் இதுதான். ஸ்கீ கிட்டத்தட்ட 170 செ.மீ. நீளம், நடுவில் இரண்டு செ.மீ. தடிமன்கூட வராது. இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி நிற்க, நடுவில் யாராவது ஒரு சூட்கேஸைப் போட்டால்? ஃபர்ஸ்ட் இயரில் போட்ட அதே சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம். நீளம் கூடினால் டிஃப்ளெக்‌ஷன் அதன் மூன்றாம் அடுக்கில் கூடும். உடைஞ்சுடும்னு பயந்துட்டேன்.

அப்புறம்தான் ஸ்கீ எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன். உள்ளே மரம், அதன் மேலும் கீழும் கண்ணாடி இழை அடுக்குகள், அடியில் பாலிஎத்திலின் தகடு, இரண்டு ஓரத்திலும் ஸ்டீல் எட்ஜ். தரையில் வைத்தால் நடுப்பகுதி லேசாக மேலே எழும்பி நிற்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். நம்ம லாரியின் லீஃப் ஸ்ப்ரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆள் ஏறி நின்றாலே சுமார் 700 நியூட்டன். வேகமாகத் திரும்பும்போது அதையும் தாண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஸ்கீயின் மேல். 23 கிலோ சூட்கேஸ் 230 நியூட்டன்தான். பனி நீளம் முழுக்கத் தாங்கும், விமானத்தின் அடியில் அப்படித் தாங்காது என்பது உண்மைதான். ஆனாலும் வளைவதற்கென்றே செய்த பொருளை வளைவிலிருந்து காப்பாற்ற ஆறு கிலோ பிளாஸ்டிக் டப்பா தேவையா?

அப்போ எது அடிபடும்? ஸ்கீ தன் வேலையில் எந்த விசையைச் சந்திப்பதே இல்லையோ, அந்த விசைதான் ஆபத்து. அப்படிப் பார்த்தால் மூன்று இடம்தான்.

முதல் இடம் பைண்டிங். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் கருவி இது. பலகையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பது இது ஒன்றுதான், அதனால் பக்கவாட்டில் இடி விழுந்தால் முதலில் வாங்குவதும் இதுதான். நான் இதை வெறும் க்ளாம்ப் என்று நினைத்திருந்தேன். இல்லை. விழும்போது கால் முறுகுவதற்கு முன்னாடி பூட்ஸை விட்டுவிடணும். முன்பகுதி பக்கவாட்டில், குதிப்பகுதி மேல்நோக்கி. எவ்வளவு விசையில் விடணும் என்பதை ஆளின் எடை, உயரம், வயசு, பூட்ஸின் அடிநீளம், ஓட்டும் திறமை பார்த்து செட் பண்ணுவார்கள். இதற்கென்றே ஐஎஸ்ஓ 11088 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அடிபட்டோ மணல் புகுந்தோ அந்த மெக்கானிசம் சரியாக வேலை செய்யாவிட்டால், பனியில் விழுகிற நாளில் பைண்டிங் விடாது, முழங்கால்தான் விடும். எனக்கு இது தெரிந்ததும் கேள்வியே மாறிவிட்டது. அண்ணா கேட்டது பலகைக்குப் பை, உண்மையில் வாங்குவது காலுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது இடம், முனைகள். ஸ்கீ பை சாதாரண கன்வேயரில் போகாது, அளவு மீறிய சாமான்களுக்கான தனி கவுன்டரில் கொடுக்கணும். அங்கிருந்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். நீளமான பொருளைக் கீழே வைக்கும்போது ஒரு முனைதான் முதலில் தரையைத் தொடும். 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, ஃபோம் ஒரு செ.மீ. மட்டும் அமுங்கி நின்றால், சராசரி அதிர்ச்சி 75 ஜி. ஐந்து செ.மீ. அமுங்கினால் 15 ஜி தான். அதாவது முனையில் மடித்துத் திணித்த ஒரு ஃப்ளீஸ் ஜாக்கெட், கடைக்காரர் பெருமையாகக் காட்டும் மெல்லிய ஃபோமைவிட நல்லது. ரொம்ப மெத்தென்று இருந்தாலும் பிரச்சினை, முழுசாக அமுங்கி அடியைத் தொட்டுவிடும்.

மூன்றாவது, ஒன்றோடொன்று உரசல். ஒரு ஸ்கீயின் ஸ்டீல் எட்ஜ் இன்னொன்றின் அடித்தகட்டைக் கீறிவிடும். அடிப்பக்கங்களைச் சேர்த்து வைத்து, இரண்டும் தொடுகிற இரண்டு இடத்திலும் நடுவில் ரப்பர் வைத்த பட்டையால் கட்டினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை.

இப்போ பைக்கு வருவோம். உள்நாட்டு விமானத்தில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. பைண்டிங்கோடு ஸ்கீ ஒரு ஜோடி 6 கிலோ என்று வைங்க. ஹார்ட் கேஸ் 6 கிலோ என்றால், துணிக்கு மீதி 3. ஃபோம் வைத்த துணிப் பை 3 கிலோ என்றால் மீதி 6. அந்த ஆறு கிலோ துணியும் ஃபோமாகவே வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: சில விமான நிறுவனங்கள் ஸ்கீ பைக்குள் வேறு சாமான் வைக்க விடாது, விளையாட்டுப் பொருளுக்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். டிக்கெட் போடும் முன்னாடியே படிச்சிடுங்க. நாலைந்து பேர் குழுவாக, அடிக்கடி போகிறீர்கள் என்றால் ஹார்ட் கேஸ் நியாயம்தான். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ.; வண்டியின் கூரையில் கயிறு போட்டுக் கட்டும்போது வழவழப்பான டப்பா நழுவப் பார்க்கும் என்பதையும் கணக்கில் வைங்க.

பையின் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. 170 செ.மீ. ஸ்கீயை 190 செ.மீ. பையில் போட்டால் உள்ளே 20 செ.மீ. ஓட இடம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஸ்டீல் எட்ஜ் உளி மாதிரி போய் முனைத் தையலில் இடிக்கும். பத்து செ.மீ. அதிகம் போதும், அதையும் துணி வைத்து அடைக்கணும். சக்கரம் இருந்தால், அந்தப் பக்கம் கெட்டியான தகடு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்க. உள்ளே ஸ்கீ நகராமல் இழுத்துக் கட்ட இரண்டு பட்டையாவது வேணும்.

பூட்ஸை மட்டும் அந்தப் பையில் போடவே போடாதீங்க. பை வராமல் போனால் ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்கே பழகின பூட்ஸ் கிடைக்காது. அதைக் கேபினில் கையோடு எடுத்துப் போகலாம். ஊன்றுகோல்களைக் கேபினில் பொதுவாக விடமாட்டார்கள்.

கடைசியில் அண்ணா வாங்கியது அந்த மூன்றில் நடுவில் இருந்தது: சக்கரம் வைத்த துணிப் பை, 180 செ.மீ. பைண்டிங்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் மூடி, மேலே இரண்டு ஸ்வெட்டர் சுற்றினார். ஸ்ரீநகர் ஏர்போர்ட்டிலேயே திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன், வெளியே வந்தபிறகு சொன்னால் வாதாடுவது கஷ்டம். (வெளிநாட்டுப் பயணம் என்றால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதப் புகார் பை கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் போகணும்.) சக்கரத்துக்குப் பக்கத்தில் துணி கிழிந்திருந்தது, உள்ளே ஒரு கீறல் இல்லை.

திரும்பி வரும்போது சொதப்பினது நான். போகிற வழியை மட்டும் யோசித்தேன், வருகிற வழியை யோசிக்கவே இல்லை. கடைசி நாள் ஈர ஸ்கீயை அப்படியே பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டார். பெங்களூரில் மூன்று நாள் கழித்துத் திறந்தால் இரண்டு எட்ஜிலும் நீளத்துக்கும் ஆரஞ்சுக் கோடு. துருதான். நல்லவேளை மேலோட்டமான துரு, ரப்பர் மாதிரி இருக்கும் தேய்ப்புக் கல்லால் தேய்த்து எடுத்தார். துணியால் துடைத்து, எட்ஜ் வரைக்கும் மெழுகு பூசி, வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து போட்டிருந்தால் இது வந்திருக்காது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா" என்று போட்டோவோடு மெசேஜ் வந்தது.