தத்துவம் படித்துவிட்டு கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இங்கிலாந்தில் தத்துவம், அரசியல், சட்டம் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். வீட்டை அடமானம் வைத்துத்தான் அனுப்ப முடியும். படித்துவிட்டு வந்து இங்கே வக்கீலாக வேண்டுமாம். “சட்டம்தான் வேண்டுமென்றால் இங்கேயே சேர்க்கலாமே, தத்துவம் எதற்கு?” என்கிறார் அவள் அப்பா. மூன்றையும் தொட்டு, எதையும் உருப்படியாகப் படிக்காமல் போய்விடுவாளோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது மேடம்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கிற படிப்பென்றால் நீங்கள் பயப்படுவது சரிதான். நன்றாக நடத்துகிற இடங்களில் ஒரே விவகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று பக்கத்திலிருந்தும் குடைவார்கள். நம் ஊர் வழக்கு ஒன்றையே பாருங்கள்.

வகுப்புவாரி அரசாணைப்படி அன்றைய சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் பிரித்துத் தரப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் என்பவர் வழக்குப் போட்டார். 1950இல் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அடிப்படை உரிமைக்கு முன்னால் அரசின் வழிகாட்டு நெறிகள் இறங்கித்தான் போக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

சட்டப் புத்தகத்தோடு நிற்பவருக்கு வழக்கு அங்கே முடிந்தது. தெருவில் முடியவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்தே பெரியாரும் மற்றவர்களும் கிளர்ச்சியில் இறங்கியிருந்தார்கள். 1951 ஜூனிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. நீதிமன்றம் மூடிய கதவை நாடாளுமன்றம் எப்படித் திறந்தது என்பது அரசியல் பாடம். ஆனால் இரண்டு தரப்புமே ‘சமத்துவம்’ என்றுதானே வாதாடின? பிறப்பையே பார்க்காமல் இருப்பதுதான் சமத்துவமா, பிறப்பால் விழுந்த பள்ளத்தை நிரப்புவதுதான் சமத்துவமா? எந்தச் சட்டப்பிரிவைப் புரட்டினாலும் இதற்கு விடை இருக்காது. தத்துவம் எதற்கு என்று கேட்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு என் பதில் இதுதான். அந்தத் திருத்தத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய சட்ட அமைச்சர் அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். லண்டனில் பாரிஸ்டர் ஆனவர்.

ஆகவே படிப்பு உயர்ந்தது, உங்கள் மகளின் ஆசையும் நல்ல ஆசை. வீட்டை அடமானம் வைப்பதைத்தான் நான் தடுக்கிறேன்.

முதலில் என்ன பட்டம் தருகிறார்கள் என்று பாருங்கள். ஏறக்குறைய இதே பெயரிலுள்ள படிப்புக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரி எல்எல்.பி. தருகிறது, வார்விக் பல்கலைக்கழகம் பி.ஏ. தருகிறது. பி.ஏ. என்றால் கையில் சட்டப் பட்டம் இல்லை; திரும்பி வந்து சட்டக் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். எல்எல்.பி.யே வாங்கினாலும், பிளஸ் டூ முடித்த கையோடு மூன்றே ஆண்டில் வாங்கியதை நமது பார் கவுன்சில் அப்படியே ஏற்காது. கூடுதல் படிப்பு, தகுதித் தேர்வு என்று இழுக்கும். கடன் வாங்கிப் படிக்கிற குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு பெரிய சுமை.

இங்கேயே வழி இருக்கிறது. ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.யில் அரசியல் உண்டு. தத்துவத்துக்குப் பெரும்பாலும் இடம் குறைவு. அதனால் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்கு நான் சொல்வது மூன்றாண்டு பி.ஏ., அதன்பின் மூன்றாண்டு எல்எல்.பி. ஓராண்டு அதிகம்தான், ஆனால் அந்த மூன்றாண்டு முழுக்கத் தத்துவத்துக்கோ அரசியலுக்கோ கிடைக்கும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது அந்தக் கல்லூரியில்தான். அப்போது அது சென்னை நகருக்குள் இருந்தது.

வெளிநாட்டு ஆசையை விட வேண்டாம், தள்ளி வைத்தால் போதும். உதவித்தொகைகள் மேற்படிப்புக்குத்தான் அதிகம் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு உரியது; பட்டத்தோடு இரண்டாண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். இரண்டு வருடம் கோர்ட்டில் நின்று பழகிய பிறகு போனால் அங்கே கேட்க உங்கள் மகளிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும்.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் தத்துவம், அரசியல் அறிவியல், சட்டம் மூன்றுமே இருக்கின்றன. 2013 முதல் எல்லோரும் எழுத வேண்டிய அறநெறித் தாள் வேறு இருக்கிறது. வக்கீல் தொழிலிலோ முதல் சில வருடங்களுக்கு வருமானம் குறைவுதான், எந்தப் பட்டத்தோடு வந்தாலும்.

இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்துதான் என்று மகள் உறுதியாக இருந்தால், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் இரண்டு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பட்டம் தருவீர்கள், எத்தனை ஆண்டு என்று பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. அதை வைத்து இந்தியாவில் வக்கீலாகப் பதிவு செய்ய இன்னும் என்ன முடிக்க வேண்டும் என்று டெல்லியிலுள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு ஒன்று. ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு முடிவெடுங்கள்.