மஞ்சளும் வேங்கையும்

புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது அறிவியல், தொழிலியல் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாகக் காட்டி எதிர்த்ததன் பயனாய், 1997இல் அது ரத்து செய்யப்பட்டது. அவ்வழக்கில் ஆராயப்பட்டது மஞ்சளின் பயன்பாடு புதியதா, பழையதா என்பதே. எவ்வளவு மஞ்சள், எத்தகைய புண்ணை, எத்தனை நாளில் ஆற்றும் என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் பலர்.

இரண்டாம் வினாவை வேங்கை மரத்தின் வாயிலாகக் காணலாம். வேங்கை மரக் குவளையில் இரவு ஊற்றி வைத்த நீரை நீரிழிவுக்காகக் காலையில் அருந்துவது வழக்கம். அந்நீரில் நீலச்சாயல் தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, இன்சுலின் தேவைப்படாத வகையைச் சேர்ந்த புதிய நோயாளிகள் 97 பேருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை வேங்கை மருந்து கொடுத்து, 1998இல் முடிவினை வெளியிட்டது. 12 வாரங்களில் 67 பேருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பெரும்பாலோருக்கு 2 கிராமே போதுமானதாயிற்று. எனினும், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. சிகிச்சைக்கு வருவோர் உணவையும் கட்டுப்படுத்துவர். அதன் பங்கு எவ்வளவு, வேங்கையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய இயலாது.

விலங்குச் சோதனைகளில் மேலும் எச்சரிக்கை தேவை. பல ஆய்வுகளில் வேதிப்பொருளால் எலியின் கணைய அணுக்களை அழித்தே நீரிழிவை உண்டாக்குகின்றனர். மனிதரிடம் பெரும்பாலும் காணும் நோய் அத்தகையதன்று. எலியின் முதுகுப் புண் தோல் சுருங்கி மூடிக்கொள்கிறது. நீரிழிவாளரின் காற்புண்ணோ, உணர்ச்சி மங்கி, இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் உண்டாவது. பச்சிலை அரைத்துப் பூசினால் மண்ணிலுள்ள கிருமிகளும் உடன் சேரக்கூடும்.

சாறு என்ற சொல்லும் தெளிவற்றதே. நீரில் இறக்கிய சாற்றிலும் சாராயத்தில் இறக்கியதிலும் சேரும் பொருள்கள் வேறு; மரத்தின் வயதும் நிலமும் மாறினால் அளவும் மாறும். எனவே இன்ன பொருள் இத்தனை விழுக்காடு என வரையறுக்காத சாற்றின் வெற்றி, அடுத்த குப்பிக்குப் பொருந்தாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ளோர், நோயாளி மூலிகை உண்கிறாரா எனக் கடிந்துகொள்ளாமல் கேட்டறிதல் வேண்டும். மாத்திரையுடன் சேர்ந்து சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். இன்சுலினையே நம்பி வாழ்பவர் அதனை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

வனத்துறைக்கும் இதில் பங்குண்டு. மருந்துக்கு வேண்டியது வேங்கையின் வைரப்பகுதி. இலையைப்போல் கிள்ளியெடுக்க முடியாது, முதிர்ந்த மரத்தையே வெட்டியாக வேண்டும்.