உப்பளத்து அப்பாவுக்கு இந்துப்பு போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் பல வருஷம் உப்பு வாரியவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. பிரஷர் 160/100 என்று டெல்மிசார்டன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கருவாடு, ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. “உப்புலயே கிடந்த உடம்பு, உப்பு என்ன செய்யப்போவுது?” என்கிறார். இந்துப்புக்கு மாற்றினால் போதுமா?
– வாசகி, கடலாடி

பதில்: அப்பா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, அவர் பாத்தியில் நின்ற காலத்தில். ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் ஒரு கிராம் சோடியம் வெளியேறும். உப்புக் கணக்கில் அது இரண்டரை கிராம். வெயிலில் வாரும் உடம்புக்கு அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. வேலை நின்றதும் வியர்வை நின்றது. நாக்கு மட்டும் இன்னும் பழைய சம்பளத்தையே கேட்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். குழம்பு, ரசம், மோர், அப்பளம், பேக்கரி பிஸ்கட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சராசரி இந்தியர் இந்த அளவைத் தாண்டித்தான் சாப்பிடுகிறார். கருவாடு தினமும் இலைக்கு வரும் வீட்டில் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கூடுதல் சோடியம் ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயச் சுவர் தடிக்கும், சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகும், மூளையில் ரத்தக்குழாய் அடைக்கவோ வெடிக்கவோ செய்யும். இதில் எதுவும் வலித்துக்கொண்டு வராது என்பதுதான் சங்கடம்.

ஜப்பானின் வடக்கே அகிட்டா என்ற பகுதியில் 1950களில் ஒருவர் சராசரியாகத் தினமும் 25 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டார். உப்பிட்ட மீன், ஊறுகாய், மிசோ சூப் என்று நம் கடற்கரைச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா முறை. பக்கவாதச் சாவில் அந்த நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த இடம் அது. உப்பைக் குறைக்க அங்கே இயக்கமே நடந்தது. உப்பும் குறைந்தது, பக்கவாதச் சாவும் குறைந்தது.

கடலாடி வட்டாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தண்ணீர். நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால்தான் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்தது. வங்கதேசக் கடற்கரையின் டகோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. உப்புத் தண்ணீர் குடிக்க நேரும் மழையில்லாத காலத்தில் அவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டு போர் தண்ணீர் கரித்தால் அதைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும் உலை வைக்கவும் குழாய்த் தண்ணீர்.

இந்துப்பு விஷயத்துக்கு வருவோம். நிறம்தான் ரோஜா, உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. அதிலுள்ள மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம். பலவற்றில் அயோடினும் சேர்க்கப்படுவதில்லை, உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பைப் போலவே. அயோடின் கலந்த உப்பே போதும், அளவுதான் குறைய வேண்டும்.

கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொன்னால் அப்பா கேட்கப்போவதில்லை. வாரத்துக்கு ஒருநாள் ஆக்கலாம். வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்தால் உப்பில் நல்ல பங்கு இறங்கிவிடும். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம். புளி, சின்ன வெங்காயம், ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் ருசியைப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு ஊறுகாய் கிடையாது. சில வாரம் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

கடைகளில் ‘லோ சோடியம்’ உப்பு கிடைக்கிறது. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு பொட்டாசியம் சேர்த்தது. சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்ததாக 2021இல் முடிவு வந்தது. ஆனால் டெல்மிசார்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. இரண்டும் சேர்ந்து, சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிய பிறகே அந்தப் பாக்கெட்டை வாங்குங்கள்.