பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

 

பி.ஏ. சமூகவியல் சேரப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். அந்தப் படிப்பில் எனக்கு வருத்தமே இல்லை. "யு.பி.எஸ்.சி.க்கு அதுதான் சுலபமான விருப்பப் பாடம்" என்றாயாமே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

உன் சித்தப்பாவும் விருப்பப் பாடத்துக்கு உள்ள அந்த 500 மதிப்பெண்ணுக்காகத்தான் சமூகவியலைத் தொட்டான். பிரிலிம்ஸ் தாண்டாதவனுக்கு விருப்பப் பாடம் என்ன செய்யும்? அண்ணா நகரில் ரூம், கோச்சிங், ஜெராக்ஸ் நோட்ஸ் என்று நம் பிரிவுக்கான 35 வயது உச்சவரம்பு வரை இழுத்தது. பாட்டி வளையல் அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. இன்னொரு பிள்ளையை அப்படிப் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் அந்தப் படிப்பின் அருமை எனக்குத் தெரியும். நான் சர்வே படிவத்தோடு ஊர் ஊராக அலைந்தவன். "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால், கையில் சாணி காயாமல் நிற்கிற அம்மா "சும்மாதான் இருக்கேன்" என்பார். அதை அப்படியே எழுதினால் படிவத்தில் குறியீடு 92, அதாவது வீட்டுவேலை மட்டும். பால் யார் கறப்பது, சொசைட்டிக்கு யார் ஊற்றுவது என்று விடாமல் கேட்டால்தான் அவர் உழைப்பவர் கணக்கில் வருவார். கேட்கத் தெரியாதவன் பேனாவில் எத்தனை பெண்களின் உழைப்பு காணாமல் போகிறது! அந்தக் கேள்வியைக் கற்றுத்தருகிற படிப்பம்மா இது. வங்காளத்திலிருந்து வந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய், நம் தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகாரம் ஒன்றில் தங்கி, ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி, 1965-இல் புத்தகமே போட்டார். நிலம் யார் கையில், பஞ்சாயத்து யார் கைக்குப் போகிறது என்று வீடு வீடாகப் பார்த்து எழுதினார். அங்கேயே பிறந்த நமக்கு அது தோன்றவில்லை.

எம்.ஏ. முடித்து நெட் தேர்வில் தேறினால் கல்லூரி வேலைக்குப் போகலாம். சென்னையில் 1971-இலிருந்து எம்.ஐ.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் எடுக்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். புள்ளியியலை மட்டும் கைவிடாதே.

முடிவு உன்னுடையது. ஐ.ஏ.எஸ்.தான் என்றால் தடுக்க நான் யார்? ஆனால் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு ஊரிலாவது தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுது. இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன்னைப் போலக் கேள்வி கேட்கிற பிள்ளை நம் வீட்டில் பிறந்ததில்லை; எதைப் படித்தாலும் ஜெயிப்பாய். ஹாஸ்டல் பணத்துக்கு என் பென்ஷன் இருக்கிறது. பெரியம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறாள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று உடனே சொல்.

உன்
பெரியப்பா