பாறையின் வயதும் கண்டங்களின் பெயர்ச்சியும்

மலைகள் என்றும் உள்ளன என்பதும், நிலம் அசையாதது என்பதும் மக்கள் நெடுங்காலம் கொண்டிருந்த எண்ணங்கள். நிலநூலார் இவ்விரண்டையும் மறுத்தனர். பாறைக்குப் பிறப்பும் வயதும் உண்டு. கண்டங்களுக்கு இயக்கமும் உண்டு. இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதனை, ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கில அறிஞரின் ஆராய்ச்சியைக் கொண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

பூமி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வருகின்றது எனக் கொண்டு, கெல்வின் பிரபு அதன் வயதைக் கணக்கிட்டார். 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளுக்குள் அது அடங்கும் என்பது 1897-இல் அவர் கண்ட முடிபு. அடுக்கடுக்காய் அமைந்த படிவுப் பாறைகளை ஆராய்ந்த நிலநூலார்க்கு இக்காலம் போதவில்லை. எனினும் மறுத்துரைக்க அவர்பால் தக்க கணக்கு இல்லை. காலத்தை அளக்கும் கருவியும் இல்லை.

அக்கருவி பாறையினுள்ளேயே இருந்தது. யுரேனியம் என்னும் உலோகம் கதிர்வீசித் தானே சிதைந்து, பல படிகளைக் கடந்து, இறுதியில் ஈயமாகின்றது. பாறையின் வெப்பமும் அழுத்தமும் அச்சிதைவின் வேகத்தை மாற்றுவதில்லை. யுரேனியம் 238 என்னும் வகையில் 100 பங்கு இருப்பின், 447 கோடி ஆண்டுகளில் 50 பங்கே எஞ்சும். மீண்டும் அத்துணை ஆண்டுகள் கழியின் 25 பங்கே எஞ்சும். ஸிர்க்கான் என்னும் சிறு கனிம மணி உருவாகுங்கால் யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கும். ஆதலின் பின்னர் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் ஈன்றதே எனலாம். இரண்டன் விகிதத்தை அளப்பின் மணியின் வயது புலனாகும். யுரேனியம் 235 என்னும் மற்றொரு வகை 70 கோடி ஆண்டுகளில் பாதியாகும். இவ்விரு கடிகாரங்களும் ஒரே காலத்தைக் காட்டுமாயின் ஐயத்திற்கு இடமில்லை.

1907-இல் அமெரிக்க அறிஞர் போல்ட்வுட் தொடங்கிய இம்முறையை, 1911-இல் லண்டன் மாநகரில் ஹோம்ஸ் மேற்கொண்டார். அப்போது அவர்க்கு வயது 21. நார்வே நாட்டுப் பாறையொன்றிற்கு 37 கோடி ஆண்டும், இலங்கையிற் கிடைத்த கனிமத்திற்கு 164 கோடி ஆண்டும் அவர் வெளியிட்ட பட்டியலிற் கண்டன. தனிமங்களின் ஐசோடோப்புகள் அன்று அறியப்படாமையின் அவ்வெண்கள் பிற்காலத்தில் திருத்தத்திற்கு உள்ளாயின. ஆயினும் கோடிகள் நூற்றுக்கணக்கில் எண்ணப்படவேண்டும் என்பது தெளிவாயிற்று. 1956-இல் பேட்டர்ஸன் என்பார் விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என நிறுவினார்.

இனி, கண்டங்களின் இயக்கத்தை நோக்குவோம். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின் பிரிந்தன என்று 1912-இல் ஜெர்மானியரான வேகெனர் உரைத்தார். அத்துணைப் பெரும் நிலப்பரப்பை இழுத்துச்செல்லும் ஆற்றல் யாது என்னும் வினாவிற்கு அவரிடம் ஏற்ற விடை இல்லாமையின் பலர் எள்ளினர். ஹோம்ஸ் விடை கண்டார். காலத்தைக் காட்டும் அக்கதிர்வீச்சே வெப்பத்தையும் தருகின்றதன்றோ? அவ்வெப்பத்தால் புவியோட்டின் கீழுள்ள பாறை, திண்மையாயினும், மிக மெல்ல எழுந்தும் தாழ்ந்தும் சுழலும். அச்சுழற்சி கண்டங்களைச் சுமந்துசெல்லும் என அவர் 1931-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். தனிச்சான்று கிடைக்குமளவும் இது ஊகமே என்று எச்சரித்தவரும் அவரே.

அச்சான்று வர முப்பதாண்டு ஆயிற்று. கடலடித் தரை நடுமுகட்டில் புதிதாய்ப் பிறந்து இருபுறமும் விலகுகின்றது என்று 1962-இல் ஹெஸ் எழுதினார். 1963-இல் வைன், மாத்யூஸ் என்போர் அத்தரையின் காந்தப் பட்டைகளைக் கொண்டு அக்கருத்திற்கு வலுவூட்டினர். தாழ்ந்து அமிழும் தட்டு தன் எடையால் ஏனைப் பகுதியை இழுத்தலே இயக்கத்தின் பெருங்காரணம் என இன்று பலரும் கொள்வர். எனினும் பூமியின் உள்வெப்பமே அனைத்திற்கும் முதல்.

ஹோம்ஸ் 1965-இல் மறைந்தார். 1967-இல் ஹர்லியும் அவர்தம் குழுவினரும் மேற்காப்பிரிக்காவின் பாறைகளை அளந்து, 200 கோடி ஆண்டுப் பாறையும் ஏறத்தாழ 60 கோடி ஆண்டுப் பாறையும் சந்திக்கும் எல்லை அக்கரா நகரின் அருகே கடலை அடைதலைக் கண்டனர். இரு கண்டங்களும் முன்னர் இணைந்திருந்தன எனின், அவ்வெல்லை பிரேசிலில் ஸாவோ லூயிஸ் அருகே தொடரவேண்டும். ஆங்குச் சென்று அளந்தபோது அவ்வாறே இருந்தது. இளைஞராய் ஹோம்ஸ் செப்பனிட்டது போன்ற கதிர்வீச்சுக் கடிகாரமே, முதிர்ந்தபின் அவர் ஊகித்துரைத்த இயக்கத்திற்குச் சான்று பகர்ந்தது. ஒரு கருத்தைத் துணிந்து கூறுதலும், சான்று வருமளவும் அதனை முடிந்த முடிபெனக் கொள்ளாது பொறுத்திருத்தலும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. ஆராய்ச்சித் துறையிற் புகும் மாணாக்கர் அவர்பால் கற்கத்தக்கது இதுவே.